மரத்தில் ஏறி இறக்கிய பாடம் எங்கே?

2021ஆம் ஆண்டு. கொரோனாவால் பாடசாலைகள் பூட்டிக் கிடந்த காலம். பதுளை மாவட்டத்தின் லுணுகலைப் பக்கம், காட்டுக்குள் ஒரு மலை உச்சியில் ஏறத்தாழ 30 அடி உயரத்தில் ஒரு மரக்குடில் இருந்தது. பிள்ளைகள் முறை வைத்து அதில் ஏறினார்கள். செய்த வீட்டுப்பாடத்தை அனுப்பினார்கள், அடுத்த பாடத்தை இறக்கிக்கொண்டார்கள். பெரியவர்கள் துணைக்கு வந்து நின்றார்கள். அதே மாவட்டத்துப் போஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியரும் மாணவரும் மூன்று கிலோமீற்றருக்கு மேல் காட்டு வழியே நடந்து ஒரு பாறையின் மேல் போய் உட்கார்ந்தார்கள். சிக்னல் அங்கேதான் கிடைத்தது. அந்தப் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின.

பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது, அங்கே தொலைபேசிக் கோபுரம் எப்போது வரும் என்று. நியாயமான கேள்விதான். ஆனால் அதன் பக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வி இருந்தது. அவ்வளவு பாடுபட்டு மரத்தில் ஏறி இறக்கிய பாடம் இன்று எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் எங்கேயும் இல்லை. அன்று பாடம் வந்தது வாட்ஸ்அப் குழுக்களில்: கரும்பலகையின் போட்டோவாக, கையெழுத்துக் குறிப்பின் போட்டோவாக, ஐந்து நிமிட ஒலிப்பதிவாக. போன் பழுதானது, இடம் போதாமல் பழையவை அழிக்கப்பட்டன, வகுப்பு மாறியதும் குழுவும் கலைந்தது. அடுத்த வருடம் அதே ஆசிரியர் அதே பாடத்தை மறுபடி எழுதி, மறுபடி போட்டோ பிடித்து, மறுபடி அனுப்பினார். பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தின் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இரண்டு வருடம் செய்த உழைப்பு பொதுவில் எவரும் எடுத்துப் படிக்கக்கூடிய ஒரு பக்கமாகக்கூட மிஞ்சவில்லை என்பது சின்ன இழப்பல்ல.

இதைப் பாடசாலை ஆசிரியர்களின் தலையில் கட்டுவது அநியாயம். அவர்கள் தங்கள் சொந்த டேட்டாவில், சொந்தப் போனில் பாடம் நடத்தியவர்கள். இந்த வேலையைத் தோளில் ஏற்க வேண்டியது உயர்கல்வி நிறுவனம்.

பதுளை நகரிலிருந்து பசறை வீதியில் சிறிது தூரம் போனால் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். 2005இல் நிறுவப்பட்டது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு வைத்திருக்கும் இடம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கல்வியில் பின்தங்கியவை என்று வகுத்திருக்கும் 16 மாவட்டங்களில் ஊவாவின் இரண்டு மாவட்டங்களும், பதுளையும் மொனராகலையும், இருக்கின்றன. மாவட்டக் கோட்டாவும், அந்த 16 மாவட்டங்களுக்கென ஒதுக்கிய 5 சதவீத இடங்களும் சேர்ந்து சில தேயிலைத் தோட்டப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசலுக்குள் கொண்டுவருகின்றன. ஊவா வெல்லஸ்ஸவுக்குள் போன பிள்ளை படிப்பது ஆங்கிலத்தில். இலங்கையின் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் விரிவுரைக் குறிப்பு கைக்கு வருவது, கடவுச்சொல் போட்டால் மட்டும் திறக்கும் ஒரு கற்றல் தளத்தில். பெரும்பாலும் மூடில் என்ற மென்பொருளில் ஓடும் தளம் அது.

அந்தத் தளங்களைக் குறைத்துப் பேசக் கூடாது. 2020இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ண் என்று அழைக்கப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் கைகோத்து, பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்குப் போக டேட்டாச் செலவே இல்லாமல் செய்தன. ரீலோட் போடக் காசில்லாத வீட்டுப் பிள்ளை படிப்பைத் தொடர அது கைகொடுத்தது. புள்ளிகளையும் ஒப்படைகளையும் பரீட்சை வினாக்களையும் பூட்டுக்குள் வைப்பதும் சரிதான்.

ஆனால் பாட விளக்கத்துக்கு எதற்குப் பூட்டு? நொதியம் எப்படி வேலை செய்கிறது என்பதில் மறைக்க என்ன இருக்கிறது? பருவம் முடிந்ததும் அந்தப் பக்கம் மாணவருக்கே எட்டாமல் போகிறது. மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ உயர்தரம் படிக்கும் தம்பிக்கு அது ஒருநாளும் எட்டியதில்லை. ஒரு பல்கலைக்கழகம் தன்னைச் சுற்றியுள்ள மலைகளோடு பேச வேண்டுமென்றால், பூட்டில்லாத ஒரு பக்கம் வேண்டும். அதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. 1999இல் பிளாகரும் 2003இல் வேர்ட்பிரஸும் வந்த நாளிலிருந்து, தட்டச்சுத் தெரிந்த எவரும் அரை மணி நேரத்தில் ஒரு வலைப்பதிவைத் திறந்துவிடலாம்.

உலகில் ஒரு பல்கலைக்கழகம் இதை முழு மனதோடு செய்து பார்த்தது. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் ஃபிரெட்ரிக்ஸ்பேர்க் என்ற சிறு நகரில் இருக்கும் மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகம் அது. ஹார்வர்ட் போலப் பேரும் பணமும் கொழிக்கும் இடமல்ல; சிறிய அரச நிறுவனம். 2007இல் வேர்ட்பிரஸை நிறுவி, மாணவர், ஆசிரியர் எவர் கேட்டாலும் ஒரு வலைப்பதிவு திறந்து கொடுத்தது. வரலாற்று வகுப்பு தன் ஆய்வைப் பொதுப் பக்கமாகப் போட்டது. இலக்கிய வகுப்பு தன் வாசிப்புக் குறிப்புகளைப் போட்டது. 2013இல் ஒரு படி மேலே போய், மாணவர் ஒவ்வொருவரும் தனக்கென ஓர் இணைய முகவரி வைத்துக்கொள்ள வழி செய்தது. பட்டம் முடிந்து போகும்போது எழுதியதையெல்லாம் மாணவரே கையோடு எடுத்துப் போகலாம். அதற்குப் பிறகு பல பல்கலைக்கழகங்கள் அதே வழியைப் பின்பற்றின. பதுளைக்கு அந்த உதாரணம் பொருந்துவது அதன் அளவினால்தான். சிறிய நகரம், சிறிய பல்கலைக்கழகம், சிறிய செலவு.

தமிழ்நாட்டில் இதே வேலை கீழிருந்து நடந்தது. கல்விச்செய்தி, பாடசாலை போன்ற தளங்களில் வினாத்தாளும் பாடக்குறிப்பும் குவிந்தன. அங்குள்ள அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அவை அன்றாடக் கருவிகள் ஆகிவிட்டன. அவற்றை எடுத்து இங்கே படித்தால் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். போதாது. அங்கே செல், இங்கே கலம். அங்கே திசு, இங்கே இழையம். அங்கே வேதியியல், இங்கே இரசாயனவியல். அங்கே இயற்பியல், இங்கே பௌதிகவியல். பசறையிலிருந்து ஒரு பிள்ளை தன் பாடநூலில் உள்ள சொல்லைத் தேடுபொறியில் போட்டால் உருப்படியாக வந்து விழுவது மிகக் குறைவு. நம் பாடத்திட்டத்தின் சொற்களில் எழுதப்பட்ட பக்கங்கள் இணையத்தில் அருகிக் கிடப்பதே காரணம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளமும், கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் ஏற்றியிருக்கும் பாடநூல்களும் ஓரளவுக்குத் துணை. பாடநூலுக்கு அப்பால் ஒரு விளக்கம் வேண்டுமென்றால் பிள்ளை ரியூஷன் வகுப்பைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அதற்கும் பஸ் ஏறி டவுனுக்கு வர வேண்டும்.

எழுதியவையும் தேடினால் அகப்படாமல் போவதற்கு இன்னொரு காரணம் எழுத்துரு. இலங்கைத் தமிழ் ஆசிரியர்களின் கணினிகளில் பல்லாண்டுகளாகக் குடியிருப்பது பாமினி. வேகமாக அடிக்கலாம், பழகிய கை. ஆனால் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது. கணினி அதைத் தமிழாக அறியாது. பாமினியில் அடித்த ‘அம்மா’ கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் இந்தக் குப்பைதான் திரையில் தெரியும். அதைத் தேடுபொறி தேடாது, கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் வாசிக்காது. யூனிகோட் தமிழுக்கு இலங்கை 2008இலேயே விசைப்பலகைத் தரம் வகுத்துவிட்டது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பல்கலைக்கழகமோ கல்வியியற் கல்லூரியோ மாணவர்களைக் கொண்டு ஊவாவின் பாடசாலைகளில் கிடக்கும் பாமினிக் கோப்புகளை மாற்றி ஏற்றினாலே, புதிதாக ஒரு வரி எழுதாமல் ஒரு பாட நூலகம் உருவாகிவிடும்.

டேட்டாக் கணக்கையும் பார்த்துவிடலாம். தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். இந்தக் கட்டுரை அளவுள்ள ஒரு பாடத்தின் எழுத்து முழுவதும் சுமார் 50, 60 கிலோபைட்டுக்குள் அடங்கும். அலங்காரம் இல்லாத பக்கத்தில் போட்டால், வாட்ஸ்அப்பில் வரும் ஒரு போட்டோவைவிடக் கனமாக இராது. ஒரு மணி நேர வீடியோ வகுப்போ நூற்றுக்கணக்கான மெகாபைட்டை விழுங்கும். மழை இறங்கினால் சிக்னல் போய்விடும் டிவிசனில், வீடியோ சுற்றிச் சுற்றி நின்றுவிடும். எழுத்து வந்து சேர்ந்துவிடும். ஒருமுறை இறங்கிய பக்கத்தை இணையம் இல்லாமலும் படிக்கலாம். நேரலை வகுப்பின் மேல் நம் நிறுவனங்களுக்கு வந்த மோகத்தில் எழுத்தின் இந்த வலிமை மறந்துபோனது.

கடதாசியை நம்பினால் போதும் என்பவர்கள் 2022 மார்ச்சை நினைத்துப் பார்க்கலாம். பொருளாதார நெருக்கடிக் காலம். கடதாசியும் மையும் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். மலையில் ஆபத்து வேறு விதமாகவும் வரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது, உயிர்களோடு பிள்ளைகளின் கொப்பிகளும் புத்தகங்களும் உள்ளே போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது பதுளைக்குப் போகும் பாதைகள் அறுந்தன, ரயில் பாதை சிதைந்தது, நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சை இடையில் நின்றது. முகாமில் இருந்தபடி மீதிப் பாடங்களுக்குத் தயாராக வேண்டிய பிள்ளைக்குக் கொப்பி போய்விட்டது என்றால், இரவல் போனில் திறக்கக்கூடிய ஒரு பக்கம் எவ்வளவு பெரிய உதவி.

சரி, எதை எழுதுவது? ஊவாவுக்கு அதற்கான விடை கண் முன்னே பச்சையாக விரிந்து கிடக்கிறது.

தேயிலைத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர் வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவிடுதல், உலர்த்துதல் என்று ஒவ்வொரு படியையும் இரசாயனவியலாகப் படிக்கிறார். ஏறத்தாழ நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. ரோலரில் இலை நசுங்கியதும் கலங்கள் உடைந்து, நொதியமும் பொலிபீனோலும் காற்றில் சந்தித்துத் தேநீரின் நிறமும் காரமும் பிறக்கின்றன. யூலையிலிருந்து செப்டெம்பர்வரை ஊவாவின் மலைகளில் அடிக்கும் வறண்ட காற்றில் செடி வாடி, கொழுந்தில் மெதைல் சலிசிலேற்று போன்ற வாசனைப் பொருள்கள் ஏறுகின்றன. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்தது அந்தப் பருவத்தின் வாசனை. இவை எல்லாம் விரிவுரைக் குறிப்பில் ஆங்கிலத்தில் இருக்கின்றன.

அந்த மலையில் கொழுந்து எடுக்கும் தாய்க்கு இதில் பாதி கையனுபவமாகத் தெரியும். எந்தக் காற்றில் இலை எப்படி இருக்கும், கவ்வாத்து வெட்டிய மலையில் எப்போது கொழுந்து திரும்பும் என்று அவளிடம் கேட்கலாம். ஸ்டோர் எனும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தகப்பனுக்கு, இலை எந்த வாசம் வந்ததும் அடுப்புக்குப் போக வேண்டும் என்று மூக்கே சொல்லும். ரோதை சுழல்வதற்கு முன்னால் ரோதைமுனித் தெய்வத்துக்குப் படையல் வைக்கும் மக்கள் அவர்கள். அவர்கள் கையில் இருக்கும் அறிவும், பல்கலைக்கழகக் குறிப்பில் இருக்கும் அறிவும் ஒரே இலையைப் பற்றியவை. இரண்டும் ஒரு தாளில் சந்தித்ததில்லை. உயர்தர உயிரியல் மாணவிக்கு நொதியத்தை விளக்க, அவள் வீட்டு முற்றத்திலிருந்து தெரியும் ஸ்டோரைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடநூலில் இருக்கிறது?

ஆகவே கோரிக்கை இது. பட்டப்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் பருவத்துக்கு ஒரு முறையாவது, தான் படித்த ஒன்றைத் தன் தாய்மொழியில், தமிழிலோ சிங்களத்திலோ, 500 சொற்களில் பொதுப் பக்கத்தில் எழுத வேண்டும். அதற்குப் புள்ளி வழங்க வேண்டும். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்லத் தெரிந்தால்தான் படித்தது புரிந்திருக்கிறது என்று பொருள். விரிவுரையாளருக்கு அதைவிட நேர்மையான சோதனை கிடைக்காது. கொட்டகலை பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி தோட்டப் பாடசாலைகளுக்குத் தமிழ் ஆசிரியர்களை உருவாக்கும் இடம். மூன்று வருடப் பயிற்சியில் ஒரு முழு வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. அந்த வருடம் அவர்கள் எழுதும் பாடக்குறிப்புகள் மதிப்பிடப்பட்டதும் அலுமாரிக்குப் போகின்றன. நல்ல குறிப்புகளைத் தேர்ந்து பக்கமாக்கினால் ஐந்து வருடத்தில் எவ்வளவு சேரும் என்று நினைத்துப் பார்க்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தின் பதுளை நிலையம் இதற்கு இன்னும் பொருத்தமானது. தொலைவில் இருந்து படிப்பவர்களுக்காகவே 1980இல் பிறந்த நிறுவனம் அது.

எழுத்து ஊவாத் தோட்டங்களுக்குப் புதிதல்ல. ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த ஜோசப், தான் படிப்பித்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே முன்னால் வைத்துக்கொண்டு தெளிவத்தை ஜோசப் ஆனார். அவருடைய ‘நாமிருக்கும் நாடே’ தொகுப்பு 1979இல் வைகறை வெளியீடாக வந்தது. லயத்து வாழ்க்கையைத் தமிழ் உலகம் அறிந்துகொண்டது இப்படிப்பட்ட கைகளால். அச்சு வாய்ப்பு இல்லாத பாடசாலைகளில் கையெழுத்துப் பத்திரிகை நடத்திச் சுவரில் ஒட்டிய தலைமுறைகளும் இங்கே உண்டு. வலைப்பதிவு அந்தச் சுவரின் நீட்சி. கொஞ்சம் நீளமான சுவர்.

அந்தச் சுவர் இடிந்து விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இலவசமாகக் கொடுப்பவன் ஒருநாள் கடையைக் கட்டிவிடலாம். யாஹூ 2009இல் ஜியோசிற்றீஸை மூடியபோது எண்ணற்ற பக்கங்கள் அழிந்தன. ஆசிரியர்கள் பெரிதும் நம்பியிருந்த விக்கிஸ்பேசஸ் 2018இல் மூடப்பட்டது. ஆகவே தனியார் தளத்தில் தொடங்கினாலும் முகவரி நிறுவனத்தின் சொந்த முகவரியாக இருக்க வேண்டும். பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும். இதில் வழிகாட்ட நம்மிடையே நூலகம் நிறுவனம் இருக்கிறது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய அந்த எண்ணிம நூலகம், மலையக நூல்களையும் சஞ்சிகைகளையும் உட்பட, ஈழத்து எழுத்துகளைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது.

எதிர்ப்பு வரும் இடங்களும் தெரிந்தவைதான். பதவி உயர்வுக்கு ஆய்விதழ்க் கட்டுரைதான் கணக்கு, தமிழில் எழுதும் பொது விளக்கத்துக்கு மதிப்பில்லை என்று விரிவுரையாளர் சொல்வார். அது உண்மையான குறை. திருத்த வேண்டியது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. பிழையாக எழுதிவிட்டால் என்ன செய்வது என்பார்கள். பூட்டிய தளத்தில் பிழை இருந்தால் யாருக்கும் தெரியாது. திறந்த பக்கத்தில் அடுத்த நாளே ஒருவர் சுட்டிக்காட்டுவார். மாணவிகளின் பெயரும் படமும் பொதுவில் போனால் தொல்லை வருமே என்ற அச்சம் மட்டும் எளிதில் ஒதுக்கக் கூடாதது. புனைபெயரில் எழுத அனுமதி வேண்டும். படம், ஊர், போன் இலக்கம் எதுவும் பக்கத்தில் ஏறக் கூடாது. வருகிற கருத்துகளை ஒருவர் பார்த்துத்தான் விட வேண்டும். இதைச் செய்ய முடியாத நிறுவனம் தொடங்காமல் இருப்பதே மேல்.

இணையமே இல்லாத வீட்டுக்கு என்ன வழி? அதற்கு மலையகத்திலேயே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1999இல் யுனெஸ்கோவின் துணையோடு கொத்மலைச் சமூக வானொலி ஒரு நிகழ்ச்சி நடத்தியது. கேட்பவர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் நிலையத்தில் இருந்தபடி இணையத்தில் விடை தேடி, விளக்கம் தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு ஒலிபரப்பில் சொல்லுவார். வீட்டில் கணினி இல்லாதவரும் இணையத்தைப் பயன்படுத்தினார், ரேடியோ வழியாக. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் வந்து பார்த்துப் போன முயற்சி அது. இன்று தோட்டங்களில் பிரஜாசக்தி நிலையங்கள் இருக்கின்றன. நெனசல என்ற அறிவகங்களில் சில இன்னும் இயங்குகின்றன. பிரதேச சபை நூலகங்கள் இருக்கின்றன. வாரம் ஒரு பக்கத்தை அச்சிட்டு அங்கே ஒட்ட ஓர் ஆள் போதும்.

அப்படி ஒட்டப்படும் முதல் பக்கம் யூலைக் காற்றைப் பற்றியதாக இருக்கட்டும். இருபது வருடம் கொழுந்து எடுத்த ஒரு பெண் மாலையில் பெரட்டுக் களத்தருகே நின்று மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். ‘இது சரியில்ல புள்ள, காத்து தொடங்கின மொத வாரத்துல இந்த வாசம் வராது’ என்பாள். மகள் அதைப் போனில் அடித்து அனுப்ப வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் அதைச் சரிபார்த்து, பக்கத்தைத் திருத்தி, திருத்தம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும்.